‘ஒன்றுமில்லை’ என்று எழுதிய அண்ணனுக்கு

பிப்ரவரி 5

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம் என்று எழுதினால் பொய். நலமில்லை என்று எழுதினால் நீ நம்பமாட்டாய். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நீ “சரிம்மா, சாப்பிட்டியா, அம்மாகிட்ட குடு” என்று ஆளை அனுப்பிவிடுவாய். கடிதம் என்றால் கடைசி வரி வரைக்கும் படித்துத்தான் ஆகவேண்டும்.

ஜனவரி பன்னிரண்டாம் தேதி பகல் ஷிஃப்டில், ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில், என் இருக்கையிலேயே மயங்கி விழுந்தேன். ஊருக்கெல்லாம் ஆம்புலன்ஸ் அனுப்புகிற இடத்தில் எனக்கே ஆம்புலன்ஸ். பக்கத்து இருக்கைக்காரி என் ஹெட்செட்டைக் கழற்றிவிட்டு முறைப்படி ஒரு பதிவு எண்ணும் போட்டாளாம். அவளுக்கு அந்த நேரத்திலும் ஒழுங்கு.

அதற்கு நான்கு நாள் முன்பு நடந்ததுதான் பெரிய வம்பு. போன் மணி மூன்றாவது முறை அடிப்பதற்குள் அழைப்பை எடுக்க வேண்டும் என்பது எங்கள் விதி. அன்றைக்கு ஒன்றை ஒன்பதாவது மணியில்தான் எடுத்தேன். நான் தூங்கவில்லை. கண் திறந்திருந்தது. சுவர்ப் பலகையில் என் இருக்கை எண் சிவப்பாக மின்னுவதும் தெரிந்தது. கை எழும்பவில்லை. அழைத்தவரின் அப்பா நல்ல வேளையாகப் பிழைத்துக்கொண்டார். என் மேல் ‘கவனக்குறைவு’ என்று கோப்பு திறந்துவிட்டார்கள். மார்ச் 18 அன்று விசாரணை. பதினாறு வருட வேலை அதில் தொங்குகிறது.

மயங்கியதும் சேர்த்த ஆஸ்பத்திரியில் ரத்தத்தில் உப்பு குறைந்துவிட்டது, சோடியம் 126 என்றார்கள். ஒரு ஹார்மோன் டாக்டரம்மா வந்து பார்த்தார். பழைய ஸ்கேன் ஏதாவது உண்டா என்று கேட்டார். மூன்று வருடம் முன்பு தலைவலிக்காக உன் ஆஸ்பத்திரியில் எடுத்த எம்.ஆர்.ஐ. வட்டைக் கொடுத்தேன். திரையில் போட்டுப் பார்த்துவிட்டு, “இதை யாரு அளக்காம விட்டது?” என்று கேட்டார். ரிப்போர்ட்டின் அடியில் உன் கையெழுத்து இருந்தது.

மூளைக்கு அடியில், எலும்பில் ஒரு சின்னக் குழி. அதில் பட்டாணி போல பிட்யூட்டரி, மற்றச் சுரப்பிகளுக்கெல்லாம் உத்தரவு போடும் சுரப்பி, உட்கார்ந்திருக்க வேண்டும். எனக்கு அந்தக் குழியில் நீர்தான் நிறைந்திருக்கிறது. சுரப்பி அடியில் நசுங்கிக் கிடக்கிறது. காலிக் குழி என்பதால் ‘எம்ப்டி செல்லா’ என்று பெயராம். இதை உனக்கே நான் பாடமாக நடத்த வேண்டியிருக்கிறது பார்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு ரத்தம் எடுத்தார்கள். கார்ட்டிசால் 2.1. அந்த நேரத்தில் பத்துக்கு மேலாவது இருக்க வேண்டுமாம். தைராய்டில் நம் குடும்ப டாக்டர் வருடா வருடம் பார்க்கும் டி.எஸ்.ஹெச். அழகாகச் சரியாக இருந்தது. உண்மையில் வேலை செய்கிற ஃப்ரீ டி ஃபோர் தரையில் கிடந்தது. மேலாளர் உத்தரவுக் கடிதத்தில் ஒழுங்காகக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறார், தொழிற்சாலையில் ஒரு வேலையும் நடக்கவில்லை என்று டாக்டரம்மா விளக்கினார். முதலில் கார்ட்டிசாலுக்கு ஸ்டீராய்டு மாத்திரை, ஒரு வாரம் கழித்துத்தான் தைராய்டு மாத்திரை. வரிசை மாறினால் ஆபத்து என்று நர்ஸிடம் இரண்டு முறை சொன்னார்.

இப்போது மாத்திரை சாப்பிடுகிறேன். பல வருடத்துக்குப் பிறகு மாடிப்படியை நிற்காமல் ஏறினேன். மேலே போய் நின்று அழுதேன், போ.

எனக்கு வேண்டியது ஒரே ஒரு காகிதம். அன்றைக்கு நீ எழுதியது: ‘பகுதி காலி செல்லா. தற்செயலாகக் கண்டது. மருத்துவ முக்கியத்துவம் இல்லை.’ அப்போது விடுப்புக்காக அதை அலுவலகத்தில் கொடுத்திருந்தேன். அதுதான் இன்று கோப்பில் எனக்கு எதிராக உட்கார்ந்திருக்கிறது. படத்தை மறுபடி திறந்து, சுரப்பியை அளந்து, ஒரு திருத்த அறிக்கையில் கையெழுத்துப் போட்டு அனுப்பு. பதினெட்டாம் தேதிக்குள்.

உன் தங்கை

*

பிப்ரவரி 13

அன்புள்ள தூங்குமூஞ்சிக்கு,

அண்ணனின் ஆசிகள். உன் கடிதம் எட்டாம் தேதியே வந்தது. மயங்கி விழுந்ததை நீ ஏன் அன்றே சொல்லவில்லை? அம்மாவும் சொல்லவில்லை. என்னை இந்த வீட்டில் ஒரு மனுஷனாகவே மதிப்பதில்லை.

நீ பயப்படும் அளவுக்கு ஒன்றுமில்லை. எம்ப்டி செல்லா என்பது வாரத்துக்கு இரண்டு மூன்றாவது என் திரையில் வரும். பெரும்பாலானவர்கள் ஆயுசு முழுக்க அதைச் சுமந்துகொண்டு ஜம்மென்று இருக்கிறார்கள். அதனால்தான் ‘முக்கியத்துவம் இல்லை’ என்ற அந்த வாக்கியத்தை, கணினியில் ஒரு விசையை அழுத்தினாலே வரும்படி ஏற்றி வைத்திருக்கிறோம். ஒரு நாளைக்கு எண்பது படம் பார்க்கிறவன் ஒவ்வொன்றுக்கும் காவியம் எழுத முடியுமா?

ரத்தப் பரிசோதனை விஷயத்தில் என் அபிப்பிராயம், இன்னொரு இடத்தில் இன்னொரு முறை பார்ப்பது நல்லது. காய்ச்சல், பட்டினி, மன உளைச்சல் எல்லாம் அளவை மாற்றும். சின்ன வயதிலிருந்தே நீ புத்தகத்தைத் திறந்தால் தூங்குகிற ஆள்தானே. அதற்கெல்லாம் சுரப்பியைக் குற்றம் சொன்னால் அது பாவம் என்ன செய்யும்?

திருத்த அறிக்கை என்பது நினைத்த மாத்திரத்தில் போடுகிற காரியம் இல்லை. துறைத் தலைவன் என்ற முறையில் நானே என் அறிக்கையைத் திருத்தினால் அதற்கு ஒரு குழு, ஒரு காரணம், ஒரு கேள்வி. பார்க்கிறேன்.

சோர்வுக்கு நல்ல விட்டமின் மாத்திரை ஒரு டப்பா அனுப்பியிருக்கிறேன். மதியம் ஒன்று. அம்மாவிடம் கொடுத்து வை, நீ மறந்துவிடுவாய்.

அன்புடன்,
அண்ணன்

*

பிப்ரவரி 20

அண்ணாவுக்கு,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். அதில் காவியம் இருக்கிறது, பாவப்பட்ட சுரப்பி இருக்கிறது, விட்டமின் இருக்கிறது. நான் கேட்டது மட்டும் இல்லை.

நேராகக் கேட்கிறேன். அளந்தாயா?

திரையில் ஒரு கோடு இழுத்தால் அளவு வந்துவிடும் என்று டாக்டரம்மா சொன்னார். எங்கள் அறையில் ஒருவர் உயிர் போகிறது என்று அழும்போது, முகவரி, அடையாளம், மூச்சு இருக்கிறதா என்று மூன்று கேள்விக்கு நாற்பது விநாடி தருகிறார்கள். உனக்கு ஒரு கோட்டுக்கு ஒரு குழு வேண்டியிருக்கிறது.

மறுபடி ரத்தம் பார்க்கச் சொன்னாயே, பார்த்தாகிவிட்டது. ஊசி போட்டு, கார்ட்டிசால் சுரக்கும் சுரப்பியைத் தூண்டிவிட்டு, அரை மணிக்கு ஒன்று, ஒரு மணிக்கு ஒன்று என்று எடுத்தார்கள். பதினெட்டையாவது தொட வேண்டிய கார்ட்டிசால் எட்டைத் தாண்டவில்லை. எனக்கு மாதவிலக்கு முப்பத்தாறு வயதில் நின்றது உனக்குத் தெரியாது. உன்னிடம் சொல்லக் கூச்சமாக இருந்தது. டென்ஷன் என்றார் குடும்ப டாக்டர். அதுவும் இந்தக் குழியின் வேலைதானாம்.

இன்னொன்று சொல்ல வேண்டும். உன் அறிக்கை அலுவலகக் கோப்பில் மட்டும் இல்லை, நம் வீட்டிலும் இருக்கிறது. மூன்று வருடமாக நான் படுத்தால் அம்மா ஒரே பாட்டுத்தான்: “உங்கண்ணனே பாத்துட்டு ஒண்ணுமில்லைன்னுட்டான். எந்திரிச்சு நடமாடு, எல்லாம் சரியாயிடும்.” பல் தேய்த்துவிட்டு வந்து திரும்பப் படுத்த நாட்கள் உண்டு. பக்கத்து வீட்டுக்காரரிடம் ‘வேலைக்குப் போக உடம்பு வணங்காம நடிக்கிறா’ என்று அம்மா சொன்னது சுவர் வழியாகக் கேட்டது. நான் அம்மாவைக் குறை சொல்லவில்லை. பெரிய டாக்டர் பிள்ளை சொன்னதைத்தான் அவர் திருப்பிச் சொல்கிறார். கொஞ்ச நாளில் நானே அதை நம்ப ஆரம்பித்துவிட்டேன் அண்ணா. அதுதான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

பதினெட்டாம் தேதிக்கு இன்னும் இருபத்தாறு நாள்.

தங்கை

*

மார்ச் 1

அன்புத் தங்கைக்கு,

கோபம் தெரிகிறது. கோபப்படு, உனக்கு உரிமை உண்டு. ஆனால் நான் சும்மா இருக்கவில்லை என்பதையும் தெரிந்துகொள்.

உன் கடிதம் என்னை யோசிக்க வைத்தது. கடந்த மூன்று வருடத்தில் எங்கள் துறை ‘எம்ப்டி செல்லா’ என்று எழுதிய படங்களையெல்லாம் தோண்டி எடுக்கச் சொன்னேன். மொத்தம் ஐம்பத்துமூன்று பேர். அதில் ஹார்மோன் பரிசோதனை செய்யப்பட்டவர்கள் பதினான்கே பேர். அந்தப் பதினான்கில் ஆறு பேருக்கு ஏதாவது ஒரு ஹார்மோன் குறைவு. சுரப்பி மெலிய மெலிய ஹார்மோன் அளவும் குறைகிறதா என்று பார்க்கலாம் என்றிருக்கிறேன். எங்கள் சங்கத்தின் வருடாந்திரக் கூட்டத்தில் வாசிக்கும்படியான விஷயம். ‘காலி செல்லா நோயாளிகளின் ஹார்மோன் அளவுகளும் படக் கண்டுபிடிப்புகளும்’ என்று தலைப்புகூட வைத்துவிட்டேன். இத்தனைக்கும் காரணம் நீதான். ஒருவகையில் உனக்குப் பெருமை.

உன் அளவுகளையும் சேர்த்துக்கொள்ள உன் சம்மதம் வேண்டும். படிவம் இணைத்திருக்கிறேன். பெயர் வராது. நீ நோயாளி எண் 17.

விசாரணைக்கு, உன் டாக்டரம்மாவின் சான்றே தாராளமாகப் போதும். என் காகிதமும் போனால், அண்ணன் தங்கைக்காக எழுதிக் கொடுத்தான் என்று பேச்சு வரும். உன் நன்மைக்குத்தான் சொல்கிறேன்.

விட்டமின் சாப்பிடுகிறாயா?

அன்புடன்,
அண்ணன்

*

மார்ச் 9

அண்ணாவுக்கு,

ஆம், விட்டமின் சாப்பிட்டேன். அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

வாரத்துக்கான மாத்திரைகளை ஏழு கட்டம் போட்ட டப்பாவில் அடுக்கி வைப்பது அம்மாவின் வேலை. என் மதிய மாத்திரை வெள்ளை, சின்னது. நீ அனுப்பியதும் வெள்ளை, சின்னது. ‘ஸ்டீராய்டு உடம்புக்குக் கெடுதல், அண்ணன் ஒண்ணுமில்லைன்னு சொன்னதுக்கு இது எதுக்கு’ என்று அம்மா மதியக் கட்டத்திலிருந்து என் மாத்திரையை எடுத்துவிட்டு உன் விட்டமினை வைத்திருக்கிறார். ஒன்பது நாள். நானும் விழுங்கிக்கொண்டிருந்தேன். கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. உன் பேச்சின் மேல் இருந்த நம்பிக்கையில் செய்தார்.

இரண்டாம் தேதி காய்ச்சல் வந்தது. காய்ச்சலில் மாத்திரையை இரட்டிப்பாக்க வேண்டும், வாந்தி எடுத்தால் ஊசிக்கு ஓட வேண்டும். நான் இரட்டித்தேன், மதியத்துக்கு இரண்டு விட்டமின். மறுநாள் காலை குளியலறைத் தரையில் விழுந்துவிட்டேன். குழாய் ஓடிக்கொண்டிருந்தது. எழுந்து மூட முடியவில்லை. கதவுக்கு வெளியே அம்மா, “போதும்டி நடிச்சது, தண்ணி வீணாப் போகுது” என்றார். பிறகு என் குரலே வராததைக் கண்டு பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் கதவை உடைத்தார்கள். ஆம்புலன்ஸுக்கு அழைத்தபோது எடுத்தது என் பக்கத்து இருக்கைக்காரி. இரண்டாவது மணியிலேயே எடுத்தாள்.

நான்கு நாள் ஆஸ்பத்திரி. இப்போது என் மாத்திரையை நானே அடுக்குகிறேன். அம்மா என் முகத்தைப் பார்ப்பதில்லை.

உன் படிவம் நான் அங்கே படுத்திருந்தபோது வந்து சேர்ந்தது. நோயாளி எண் 17. அண்ணா, உன்னிடம் நான் ஒரு வரி கேட்டேன். நீ என்னை வைத்து ஒரு கட்டுரை எழுதுகிறாய். நீ எழுதிய ஒரு வாக்கியம் தப்பு என்று ஒத்துக்கொள்வதைத் தவிர உலகத்தில் உள்ள எல்லா வேலையையும் செய்கிறாய்.

அந்த மீதி முப்பத்தொன்பது பேருக்கு ரத்தம் பார்க்கச் சொன்னாயா? அல்லது அவர்களும் கூட்டத்தில் வாசித்த பிறகுதானா?

படிவத்தில் கையெழுத்துப் போடவில்லை. விசாரணைக்கு ஒன்பது நாள்.

தங்கை

*

மார்ச் 19

அண்ணாவுக்கு,

நீ பதில் போடவில்லை. அம்மாவுக்கு மூன்று முறை போன் செய்தாயாம். என்னைக் கேட்டபோது குளிக்கிறேன் என்று சொல்லச் சொன்னேன்.

நேற்று விசாரணை நடந்தது. ஒரு நீள மேஜை, மூன்று பேர், ஜன்னல் இல்லாத அறை. டாக்டரம்மாவின் சான்றை வாசித்தார்கள். பிறகு நடுவில் இருந்தவர் உன் பழைய அறிக்கையை எடுத்து வைத்து ஒரே ஒரு கேள்வி கேட்டார். “ஸ்கேன் பாத்தவர் உங்க கூடப்பொறந்த அண்ணன்தானே? அவரே ஒண்ணுமில்லைன்னு எழுதியிருக்காரே?”

கூடப் பிறந்தவன் குறைத்து எழுதமாட்டான் என்பது அவர் கணக்கு. அளக்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். உன்னை அந்த மேஜையில் வைத்துக் காட்டிக்கொடுக்க நாக்கு வரவில்லை. அதற்காக என் மேலேயே எனக்கு எரிச்சல்.

முடிவு: ஹெட்செட்டை ஒப்படைக்க வேண்டும். பதிவேட்டு அறையில் பழைய அழைப்புத் தாள்களை எண் வாரியாக அடுக்கும் வேலை. கவனக்குறைவு என்ற சொல் கோப்பில் இருக்கும். புதிய மருத்துவ ஆதாரம் இருந்தால் முப்பது நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம்.

இதற்கு மேல் உன்னைக் கேட்கமாட்டேன். கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது.

தங்கை

*

மார்ச் 27

தங்கைக்கு,

இதோடு திருத்த அறிக்கை இருக்கிறது. என் கையெழுத்து, துறை முத்திரை எல்லாம் போட்டிருக்கிறது. முதலில் அதை அலுவலகத்தில் கொடுத்துவிட்டு மீதியைப் படி. மீதியைப் படித்த பிறகு உனக்கு எங்கும் போகத் தோன்றாமல் போகலாம்.

சுரப்பியின் உயரம் 1.4 மில்லிமீட்டர். அது பகுதி காலி இல்லை, முழுக் காலி. முதல் அறிக்கையில் அளக்கப்படவில்லை, ஹார்மோன் பரிசோதனைக்குப் பரிந்துரைத்திருக்க வேண்டும், அது என் தவறு என்று எழுதியிருக்கிறேன்.

நீ பிப்ரவரியில் கேட்டாய், அளந்தாயா என்று. அளந்துவிட்டேன். உன் முதல் கடிதம் கைக்கு வந்த அன்றே அளந்தேன். எட்டாம் தேதி. கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டே படத்தைத் திறந்தேன். 1.4 என்று வந்தது. மறுபடி இழுத்தேன். மறுபடியும் 1.4. பிறகுதான் உனக்கு அந்தக் கேலிக் கடிதத்தை எழுதினேன்.

ஏன் என்று கேட்பாய். மூன்று வருடம் முன்பு உன் படம் வந்தபோது, வேறு ஆளிடம் கொடுத்திருக்க வேண்டும். சொந்தக்காரர் படத்தை நாமே பார்ப்பதில்லை என்பது எங்கள் எழுதாத விதி. திரையில் உன் பெயரைப் பார்த்ததும் பயந்துவிட்டேன். கட்டி ஏதாவது இருந்துவிடக் கூடாதே என்று மட்டும்தான் தேடினேன். கட்டி இல்லை. அப்பாடா என்று அந்த விசையை அழுத்திவிட்டு எழுந்துவிட்டேன். ஊரான் படமாக இருந்திருந்தால் அளந்திருப்பேன். அம்மாவுக்கு உடனே போன் செய்து ஒன்றுமில்லை என்றேன். அவ்வளவு சந்தோஷமாகச் சொன்னேன்.

பிப்ரவரியில் தெரிந்த பிறகு வாய் வரவில்லை. துறைத் தலைவன், பெரிய டாக்டர் பிள்ளை, இதையெல்லாம் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உன் ஒன்பதாம் தேதிக் கடிதத்தைப் படித்த பிறகு பேனாவை எடுத்து எடுத்து வைத்தேன். நேற்று துறைக் கூட்டத்தில் உன் படத்தைப் போட்டு, இது என் தங்கை, இது நான் விட்டது என்று சொன்னேன். மற்ற முப்பத்தொன்பது பேரையும் கூப்பிட ஆரம்பித்திருக்கிறோம். அம்மாவிடமும் சொல்லிவிட்டேன். “அப்ப அவ சொன்னதெல்லாம் நெசமா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். போனை வைத்துவிட்டார்.

நீ நடிக்கவில்லை. நான்தான் நடித்தேன். என்னை மன்னித்துவிடு என்று கேட்க வெட்கமாக இருக்கிறது. இருந்தாலும் கேட்கிறேன்.

அண்ணன்

*

ஏப்ரல் 8

அண்ணாவுக்கு,

உன் அறிக்கையைக் கொடுத்த மூன்றாம் நாளே விசாரணையில் நடுவில் இருந்தவர் கூப்பிட்டனுப்பினார். கவனக்குறைவு என்ற சொல்லை நீக்கிவிட்டார்கள். மே முதல் தேதியிலிருந்து ஹெட்செட் திரும்பக் கிடைக்கும். பக்கத்து இருக்கைக்காரி என் நாற்காலியில் யாரையும் உட்காரவிடாமல் தன் பையை வைத்துக் காவல் காத்திருக்கிறாள்.

அம்மா அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனார். படித்துக் காட்டச் சொல்லி, “எம் பொண்ணு நடிக்கலைங்க, நான்தான் தப்பாச் சொல்லிட்டேன்” என்று அவரிடம் சொன்னாராம். அவர்தான் வந்து சொன்னார். என்னிடம் அம்மா இன்னும் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் காலையில் நான் எழுவதற்கு முன்பே மாத்திரையும் தண்ணீரும் தலைமாட்டில் இருக்கின்றன. விழுங்கும் வரை வாசலில் நிற்கிறார். முந்தாநாள் அப்படி நின்றபடியே அழுதார். நான் போய்க் கட்டிக்கொண்டேன். அம்மாவோடு எனக்கு எல்லாம் சரியாகிவிட்டது.

உன் விஷயத்துக்கு வருகிறேன். மூன்று வருடம் முன்பு என் பெயரைப் பார்த்துப் பயந்தாயே, அது எனக்குப் புரிகிறது. படித்தபோது உன் மேல் பாசம்தான் வந்தது. அதை இந்த நிமிஷமே மன்னித்துவிட்டேன்.

பிப்ரவரி எட்டு வேறு. அன்றைக்கு உனக்குத் தெரியும். தெரிந்துகொண்டு என்னைத் தூங்குமூஞ்சி என்று எழுதினாய். மறுபடி ரத்தம் பார் என்றாய். விட்டமின் அனுப்பினாய். நான் அந்த ஈரத் தரையில் கன்னத்தை வைத்துக் கிடந்தபோது, நான் பொய் சொல்லவில்லை என்று என்னைத் தவிர இன்னொரு ஆளுக்கும் தெரிந்திருந்தது. அந்த ஆள் நீ. அந்த மேஜையில் உன்னைக் காட்டிக்கொடுக்காமல் நான் வாயை மூடிக்கொண்டு நின்றபோதும் உனக்குத் தெரிந்திருந்தது. இதை மன்னிக்கலாம் என்று தினமும் உட்கார்ந்து பார்க்கிறேன். வரவில்லை அண்ணா.

படிவத்தில் கையெழுத்துப் போட்டு இணைத்திருக்கிறேன். அந்த முப்பத்தொன்பது பேரில் யாராவது ஒருத்தி இன்றைக்கு எழுந்திருக்க முடியாமல் படுத்திருப்பாள், அவளுக்காகத்தான். எண் வேண்டாம், என் பெயரையே போட்டுக்கொள். நோயாளி, அறிக்கை எழுதியவரின் தங்கை என்றும் போடு.

அம்மாவுக்கு நீ எப்போதும் போல் போன் செய். எனக்கு எழுதாதே. உன் கையெழுத்தைப் பார்த்தால் இப்போதைக்குக் கோபம்தான் வருகிறது, உடம்புக்கு ஆகாது. அது அடங்கும் என்றுதான் நினைக்கிறேன். அடங்கினால் நானே எழுதுகிறேன்.

தங்கை